யூக்ளினா எந்தத் துறை?

தென் கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் விளம்பரம் செய்ததாக எடுத்துக்கொண்டு எனக்கு நன்றிக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். அங்கே உயிரியல் கட்டடம் மூன்று தளம். கீழே தாவரவியல், நடுவில் விலங்கியல், மேலே நுண்ணுயிரியல். அதற்கும் மேலே, மொட்டைமாடியில், ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. மூன்று துறைகளுக்கும், பின்னால் இருந்த மாணவியர் விடுதிக்கும் அந்த ஒரு தொட்டியிலிருந்துதான் குடிதண்ணீர் போயிற்று. துறைகளுக்குள் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

துறைத் தலைவர்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு ஏ.சி. மெஷினை எந்தத் தளத்தில் மாட்டுவது என்பதில் தொடங்கிய தகராறு. மெஷின் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. இந்த நிலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: முதலாண்டு மாணவர்களுக்கு விலங்கு, தாவரம், நுண்ணுயிர் மூன்றையும் சேர்த்து 'உயிரியல் அறிமுகம்' என்று ஒரே பாடமாக நடத்த வேண்டும். 'உயிர் பிரிக்க முடியாதது' என்பது உத்தரவின் முதல் வரி. தலைவர்கள் பதினான்கு முறை கூடி, வாய் திறக்காமல் சீட்டு எழுதி நகர்த்தி, அதைப் பிரித்தார்கள். திங்கள், செவ்வாய் விலங்கு. புதன், வியாழன் தாவரம். வெள்ளி, சனி நுண்ணுயிர். ஞாயிற்றுக்கிழமை உயிர் கிடையாது.

இந்தப் பாடத்தில் சேர்ந்த முதல் அறுபது பேரில் ஒருத்தி ஸ்னேகா. அப்பா திருவேங்கடம் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். வீடு டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால். மதிப்பெண்ணுக்கு இன்ஜினியரிங் கிடைத்திருக்கும். வேண்டாம், உயிரியல்தான் வேண்டும் என்று அழுது வாங்கினாள். உயிரியல் என்பது உயிருள்ளவற்றைப் பற்றிய படிப்பு என்று அவள் நினைத்திருந்தாள். அதைத் தவிர அவளிடம் வேறு தவறான எண்ணம் எதுவும் இல்லை.

தொடக்க விழாவில் பதிவாளர் சன்யால் பேசினார். "இந்த வளாகத்தில் உயிருக்கு மதிப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், இந்த நகரத்தில் வேறு எந்த நிறுவனம் உயிருக்கு மூன்று தளங்கள் கொடுத்திருக்கிறது? இயற்பியலுக்கு ஒன்றரைதான்." எல்லோரும் கை தட்டினார்கள். இயற்பியல்காரர்களைத் தவிர.

முதல் செய்முறை வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை. விலங்கியல் ஆய்வகத்தில் ஆறு மைக்ராஸ்கோப்புகள் இருந்தன. தர ஆய்வுக் குழு வரும்போது புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐந்தைப் பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மீதி ஒன்றின் முன்னால் அறுபது பேரும் வரிசையில் நின்றார்கள். கண்ணாடிச் சில்லில் 'பாரமீசியம்' என்று பழைய மசியில் ஒரு சீட்டு. சீட்டு இருந்தது. பாரமீசியம், இந்த மாணவர்கள் பிறப்பதற்கு முன்பே வெளுத்து மறைந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தார்கள், "தெரியுது சார்" என்றார்கள், உட்கார்ந்து கரும்பலகையில் இருந்த படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்தார்கள்.

ஸ்னேகாவுக்கு முன்னால் நின்றவள் ஜூமா மஹதோ. புருலியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தாள். திரும்பி வந்து கிசுகிசுத்தாள்: "உள்ளே என் கண்ணிமை முடிதான் தெரிஞ்சது. அதை வரையலாமா?"

ஸ்னேகா பார்த்தாள். "சார், ஒண்ணும் தெரியலையே."

விலங்கியல் துறைத் தலைவர் டாக்டர் ஷிக்தார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் வகுப்பில் வங்காளமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். கோபம் வந்தால் ஆங்கிலம் மட்டும்.

"முப்பத்தியோரு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்லைடும்மா இது. உனக்கு மட்டும் தெரியலேன்னா நான் ஸ்லைடைச் சந்தேகப்படணுமா?"

அவர் வராந்தாவுக்குப் போன சமயம், ஸ்னேகா தன் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை வேறொரு கண்ணாடிச் சில்லில் விட்டு வைத்துப் பார்த்தாள். எதற்காகச் செய்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஓரத்திலிருந்து ஒன்று நீந்தி வந்தது. நூல் நூற்கும் கதிர் போன்ற உடம்பு, உள்ளே பச்சை மணிகள், ஒரு முனையில் செந்நிறப் புள்ளி. ஓரிடத்தில் நின்றது. உடம்பைப் பந்து போலச் சுருக்கி, நடுவில் உப்பி, மறுபடி நீட்டிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. புத்தகத்தில் அதன் பெயர் யூக்ளினா என்று அவளுக்குத் தெரியும். அது இப்படி நடனமாடும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஜூமாவை இழுத்து வந்து காட்டினாள். ஜூமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மா கோ! எவ்வளவு அழகு!" ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். சிரிப்பு நின்றிருந்தது. "இது எந்தத் தண்ணி?"

"வராந்தா குழாய்த் தண்ணி."

"காலையிலேர்ந்து நான் ரெண்டு பாட்டில் குடிச்சிருக்கேனே."

ஷிக்தார் வந்தார். ஸ்னேகா நோட்டில் வரைந்திருந்ததைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவர் உயிருள்ள ஒன்றை அதில் கடைசியாகப் பார்த்தது எந்த ஆண்டு என்று தெரியாது. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பச்சையா இருக்கு."

"ஆமா சார்."

"விலங்குல பச்சை கிடையாது. பச்சை கீழ்த்தளம். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. என் வகுப்புல உட்கார்ந்துக்கிட்டு அடுத்த துறையோட உயிரை வரையறியா?"

"சார், கிளி?" என்றாள் ஜூமா.

இருவருக்கும் பூஜ்யம் போட்டார்.

ஸ்னேகாவுக்குப் பூஜ்யம் பெரிதாகப் படவில்லை. வெயில் படாத, மூடிய தொட்டியில் யூக்ளினா இப்படிப் பெருகாது என்பது பெரிதாகப் பட்டது. கீழ்த்தளத்துக்குப் போனாள். தாவரவியல் துறைத் தலைவர் டாக்டர் மஞ்சுஸ்ரீ கர் ஒரு பிளாஸ்டிக் மணிபிளான்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அசல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் நியமனம் ஆகவில்லையாம்.

"நீந்துதா?" என்று கேட்டார்.

"நீந்துது மேடம்."

"அப்ப அது எங்களோடது இல்ல. தாவரம் இருந்த இடத்துல இருக்கும். என் துறையில ஒரு தொட்டிச்செடி ஜன்னல் பக்கம் போகணும்னாலும் மூணு காப்பி அனுமதி வேணும். தானா போறதெல்லாம் மாடியில."

மாடியில், அதற்கும் மேல் மாடியில், டாக்டர் பக்ஷி. நுண்ணுயிரியல் துறைத் தலைவர். மூவரில் இளையவர், கனிவாகப் பேசுவார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ அதைப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துட்டேன்னா அது நுண்ணுயிர் இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாததுதான் நுண்ணுயிர். பாடத்தோட முதல் வரி."

"மைக்ராஸ்கோப்புல பார்த்தேன் சார்."

"யாரோட மைக்ராஸ்கோப்பு? விலங்கியலோடது. அதுல தெரியறது விலங்கு. அதோட, யூக்ளினா யாரையும் கொல்லாது."

"தெரியும் சார். அது இருக்கற தண்ணியில வேற என்ன இருக்கும்னுதான் கேக்கறேன்."

"நல்ல கேள்வி," என்றார் பக்ஷி, நாட்காட்டியைப் பார்த்தபடி. "வெள்ளிக்கிழமை கேளு."

பூஜை விடுமுறை வந்தது. ஊருக்குப் போன பெண்கள் திரும்பினார்கள். இரண்டு வாரத்தில் ஜூமாவுக்குக் காய்ச்சல். விடுதி வார்டன் பாரசிட்டமால் கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த அறையில் இருவர், எதிர் அறையில் ஒருத்தி என்று பதினொரு பெண்கள் படுத்தார்கள். ஸ்னேகா பார்க்கப் போனபோது ஜூமா சுருண்டு கிடந்தாள். "வயித்துக்குள்ள யாரோ கத்தி வெச்சுக் கிளறுற மாதிரி இருக்கு" என்றாள். தலைமாட்டில் தண்ணீர் பாட்டில். யாரோ அக்கறையாக நிரப்பி வைத்திருந்தார்கள்.

ஸ்னேகா அங்கிருந்து நேராக மொட்டைமாடிக்கு ஏறினாள். தொட்டியின் மூடி என்றோ ஒரு புயலில் பறந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக, உலகத் தண்ணீர் தினத்துக்குச் செய்த ஃப்ளெக்ஸ் பேனரைப் பாதிவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். 'நீரே உயிர்' என்று அதில் எழுதியிருந்தது. மறு பாதி வானத்துக்குத் திறந்து கிடந்தது. தண்ணீர் பட்டாணிக் கஞ்சி மாதிரி இருந்தது. புறா இறகுகள். ஒரு காகம், செத்து உப்பி. கீழே இறங்கி வந்து தரைத்தொட்டியையும் பார்த்தாள். விடுதிக் கழிப்பறைக் குழாய் அதை ஒட்டியே போயிற்று. குழாய் கசிந்து, சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் மோட்டார் மேலே ஏற்றியது.

போட்டோ எடுத்து, விண்ணப்பம் எழுதி, பதிவாளரிடம் கொடுத்தாள். சன்யால் போட்டோவைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"தொட்டிக்குள்ள தண்ணி மட்டும் இருந்தா பராமரிப்புப் பிரிவு கழுவிடும். நீயே எழுதியிருக்கே, உயிர் இருக்குன்னு. உயிருள்ளதைப் பராமரிப்புப் பிரிவு தொடக் கூடாது. அது உயிரியல். உயிரியல்னா எந்தத் துறைன்னு முதல்ல முடிவாகணும்."

"சார், பதினொரு பேர் படுத்திருக்காங்க."

"அது சுகாதாரம். தனி விண்ணப்பமா எழுது."

குழு அமைத்தார்கள். 'நீர்வாழ் உயிர்களின் துறைச்சார்பு நிர்ணயக் குழு.' மூன்று தலைவர்களும் உறுப்பினர்கள். சிங்காடா சமோசாவும் சந்தேஷ் இனிப்பும் வந்தன. குடிக்க, கடையில் வாங்கிய சீல் வைத்த பாட்டில்கள் வந்தன. குழாய்த் தண்ணீர் குடிக்கும் பழக்கம் உறுப்பினர்களுக்கு முன்பிருந்தே இல்லை. இரண்டு மணி நேரக் கூட்டத்தின் முடிவு இது: 'மேற்படி உயிர் பச்சையாக இருக்கும் வேளைகளில் தாவரவியலையும், நீந்தும் வேளைகளில் விலங்கியலையும் சேர்ந்ததாக இருக்கக்கூடும். இது தீரும்வரை சான்றைக் காப்பாற்றும் பொருட்டுத் தொட்டியின் நிலையை யாரும் மாற்றலாகாது.' நுண்ணுயிரியல் தலைவர், தன் துறை பெயரே அதில் இல்லாததற்கு நன்றி தெரிவித்துக் கையெழுத்திட்டார்.

அந்தக் கூட்டம் நடந்த அன்று ஜூமாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். டைஃபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். அவள் அப்பா ஹரிபதோ மஹதோ புருலியாவிலிருந்து ரயிலேறி வந்து வார்டு வராந்தாவில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். திருவேங்கடமும் மகளோடு போய்ப் பார்த்தார். நாற்பத்தைந்து கிலோ இருந்த பெண் முப்பத்திரண்டு கிலோவாகக் கிடந்தாள். வயிற்றிலிருந்து குழாய். கண்ணைத் திறந்து, அவரைச் சித்தப்பா முறையில் அழைத்து, "காகு, எனக்கு அட்டெண்டன்ஸ் போயிடுமே" என்றாள். திருவேங்கடத்துக்கு அவள் வங்காளம் நன்றாகப் புரிந்தது. போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர் மகளிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "நீ கொஞ்சம் அடக்கி வாசிம்மா. பெரிய இடம். படிப்பை முடிச்சிட்டு எவ்வளவு வேணா பேசிக்கலாம்."

"மூணு வருஷம்ப்பா. அதுக்குள்ள எத்தனை பேர் படுக்கணும்?"



ஜூமா பயந்தது நடந்தது. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைந்தவர்கள் பரீட்சை எழுத முடியாது. பதினொரு பெண்களின் பெயரும் அறிவிப்புப் பலகையில் வந்தது. நோய் காரணம் என்றால் விலக்கு உண்டு. அதற்கு ஒரு படிவம் இருந்தது. நோயை உண்டாக்கிய கிருமியின் பெயர், அது உடம்புக்குள் வந்த வழி, சம்பந்தப்பட்ட துறைத் தலைவரின் கையெழுத்து. ஆஸ்பத்திரிக்காரர்கள் கிருமியின் பெயரை எழுதினார்கள். வழி என்ற இடத்தில் 'குடிநீர்' என்று எழுதினார்கள். ஸ்னேகா படிவத்தோடு பக்ஷியிடம் போனாள்.

பக்ஷி வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும் யோசி. தண்ணியில பாக்டீரியா இருக்குன்னு ஆகும். பாக்டீரியா இருந்தா அது என் துறை. அப்பறம் தொட்டியும் என் துறை. நாளைக்கு வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கிட்டு என் ஆளுங்க மொட்டைமாடி ஏறணும். கீழ ரெண்டு தளமும் கைகொட்டிச் சிரிக்கும். ஒரு பொண்ணோட காய்ச்சலுக்காக ஒரு துறையோட மானத்தை வாங்கச் சொல்றியா?"

"குடல்ல ஓட்டை சார். காய்ச்சல் இல்ல."

"குடல் விலங்கியல்," என்றார் பக்ஷி.

ஸ்னேகா படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வருத்தத்தில் வரும் அழுகை அல்ல அது. எதையாவது எடுத்து எதன் மீதாவது அடிக்க வேண்டும் போலிருந்து, கையில் ஒரு படிவம் மட்டும் இருக்கும்போது வருவது.

ஜனவரியில் தர ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே நாற்பது பக்கக் கேள்விப் பட்டியல். அதில் ஒரு கேள்வி: 'மாணவர்கள் உயிருள்ள மாதிரிகளைக் கண்டு பயில வாய்ப்பு உள்ளதா? உண்டெனில் பத்து மதிப்பெண்.' மூன்று தளங்களிலும் தேடினார்கள். ஃபார்மலின் பாட்டிலில் தவளைகள் இருந்தன. பிளாஸ்டிக் மணிபிளான்ட் இருந்தது. உயிரோடு எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் யாருக்கோ தொட்டி நினைவுக்கு வந்தது.

ஒரே நாளில் எல்லாம் மாறிற்று. பச்சை என்றால் அது தாவரம்தானே என்று கர் எழுதினார். நீந்துவதை விலங்கு என்று குழந்தையும் சொல்லும் என்று ஷிக்தார் எழுதினார். நுண்ணுயிரியல் கட்டடத்தின் உச்சியில் இருப்பதால் தொட்டி தன் தளத்தின் தொடர்ச்சி என்று பக்ஷி எழுதினார். சன்யால் சமரசம் செய்தார். தொட்டிக்கு 'ஜீவ சரோவர்', அதாவது உயிர்க்குளம், என்று பெயர் வைத்தார். இரும்புக் கால் வைத்த மூன்று பலகைகளை ஒவ்வொரு துறைக்கும் ஒன்றாக நட்டார்கள். சாமந்தி மாலை சுற்றினார்கள். செத்த காகத்தை மட்டும் எடுத்தார்கள். பாசியைத் தொடவில்லை, பாசிக்கு மதிப்பெண் உண்டு. பக்கத்தில் ஒரு மேசை, அதில் உறை பிரிக்காத ஐந்து மைக்ராஸ்கோப்புகள். பல்கலைக்கழகத்திலேயே உயிருள்ள ஒன்றைப் பார்த்தவர்களில் நடமாடக்கூடிய ஒரே மாணவி என்பதால் ஸ்னேகா அங்கே நின்று விளக்க வேண்டும் என்று உத்தரவு.

அவள் போய் நின்றாள். கேட்க வருபவர்கள் வெளியாட்கள், அவர்களிடம் சொல்லலாம் என்று நம்பினாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் குழு ஏறி வந்தது. தலைவர், தடித்த மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சன்யால் தொட்டியின் முன்னால் கை விரித்தார். "ஐயா, மற்ற இடங்களில் தொட்டியைக் கழுவிக் கழுவி லட்சக்கணக்கான உயிர்களைக் கொல்கிறார்கள். ஏழு வருடமாக எங்கள் நிர்வாகம் இதில் கை வைக்கவில்லை. இதில் இத்தனை உயிர் வாழ்கிறதென்றால் அது எங்கள் பொறுமையின் சாதனை."

குழுத் தலைவர் தலையசைத்தார். ஸ்னேகாவைப் பார்த்தார். "மாணவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்களா?"

"தினமும் சார். நாங்க எல்லாரும் குடிக்கிறோம். பதினொரு பேருக்கு டைஃபாய்டு. ஒருத்திக்குக் குடல்..."

"மிக நல்லது," என்றார் அவர், நோட்டில் எழுதியபடி. தலை நிமிரவில்லை. "மாணவர் பயன்பாடு, நூறு சதவீதம். சாப்பாடு எங்கே?"

எல்லோரும் இறங்கினார்கள். ஸ்னேகா தனியாக நின்றாள். கீழே முற்றத்தில் பந்தல், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கடுகில் வெந்த இலீஷ் மீன் வாசனை. தரையில் பெண்கள் விடியற்காலையிலிருந்து போட்ட அல்பனாக் கோலம்.

தொட்டியின் அடியில் கழுவுநீர் வால்வு இருந்தது. துருப்பிடித்த சக்கரம். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. விலங்கியல் துறையின் பலகையைப் பிடுங்கி, அதன் இரும்புக் காலைச் சக்கரத்துக்குள் கொடுத்து, முழு உடம்பாலும் நெம்பினாள். கிறீச்சிட்டுத் திரும்பியது.

ஏழு வருடத் தண்ணீர் வடிகுழாய் வழியாகப் பாய்ந்தது. குழாய் முற்றத்தில், சரியாகப் பந்தலுக்கு மேல் முடிந்தது. பச்சை அருவி துணியைக் கிழித்துக்கொண்டு மேசைமேல் விழுந்தது. அடிச்சேறு பிறகு வந்தது. நாற்றம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. குழுத் தலைவர் தட்டோடு எழுந்து ஓடினார். விடுதிப் பெண்கள் வராந்தாவுக்கு வந்து பார்த்தார்கள். ஒருத்தியும் கை தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. தாங்கள் என்ன குடித்தோம் என்று அப்போதுதான் மொத்தமாகப் பார்த்தார்கள்.

நான்கே நாளில் ஸ்னேகாவுக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு விரைவாக எந்தத் தாளும் நகர்ந்ததில்லை. 'பல்கலைக்கழகத்தின் உயிர்ச் செல்வத்தை அழித்தது' என்பது குற்றம். இழப்பை நிரூபிக்க வேண்டும் அல்லவா? அதற்காகத் தலைவர்கள் மூவரும் முதன்முறையாகச் சேர்ந்து வேலை பார்த்தார்கள். கண்காட்சிக்கென்று ஜாடியில் எடுத்து வைத்திருந்த தொட்டித் தண்ணீரை முறைப்படி சோதித்தார்கள். ஷிக்தார் அமீபா வகைகளை எண்ணினார். கர் பாசிகளை எண்ணினார். பக்ஷி, தன் பட்டியல்தான் மற்ற இரண்டையும் விட நீளமாக இருக்க வேண்டும் என்ற ஆவேசத்தில், கிருமிகளை வளர்த்துப் பார்த்து ஒன்றுவிடாமல் எழுதினார். மலக் கிருமிகள், சால்மொனெல்லா டைஃபி, எல்லாம். 'மேற்கண்டவை அனைத்தும் வளாகத்தின் ஒரே குடிநீர்த் தொட்டியில் பல ஆண்டுகளாக நல்ல முறையில் வாழ்ந்து வந்தன' என்று முடித்து, மூவரும் கையெழுத்திட்டு, சீல் வைத்து, குற்றப்பத்திரிகையோடு இணைத்திருந்தார்கள்.

திருவேங்கடம் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே நின்று படித்தார். அவர் மனைவி கல்பனா அழத் தயாராகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"அப்பா, சாரி," என்றாள் ஸ்னேகா.

"இரு." கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "கிடர்பூர்ல இருபத்தாறு வருஷமா பேப்பர் பார்க்கறேன். திருட்டுச் சரக்கு ஏத்தினவன் ஒருத்தன்கூட இப்படி ஒரு பேப்பர் குடுத்ததில்ல. என்ன ஏத்தினோம், எவ்வளவு ஏத்தினோம், எத்தனை வருஷமா ஏத்தினோம்னு அவனே எழுதி, மூணு பேர் கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு..." அவர் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல என்பது ஸ்னேகாவுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. "அந்தப் பொண்ணு முப்பத்திரண்டு கிலோம்மா. ஜெராக்ஸ் கடை மூடறதுக்குள்ள வா."

ஒரு பிரதி கார்ப்பரேஷன் சுகாதார அலுவலகத்துக்கு. பதினொன்று, பதினொரு வீட்டுக்கு. உறைகளின் மேல் விலாசத்தைத் திருவேங்கடம் தன் அலுவலகக் கையெழுத்தில் எழுதினார். அடக்கி வாசி என்று அவர் பிறகு சொல்லவேயில்லை.

கார்ப்பரேஷன்காரர்கள் தண்ணீர் மாதிரி எடுக்கப் பாட்டில்களோடு வந்தார்கள். தண்ணீரில் குறையே இல்லை என்று பல்கலைக்கழகம் முதலில் மறுத்தது. அவர்கள் குற்றப்பத்திரிகையைக் காட்டினார்கள். இரண்டு தொட்டிக்கும் சீல் வைத்து, கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள்.

ஒழுங்கு விசாரணை அடுத்த சனிக்கிழமை. ஸ்னேகாவும் அப்பாவும் போனபோது முற்றத்தில் கூட்டம். புருலியா, பாங்குரா, சுந்தர்பன் பக்கம் என்று பல ஊர்களிலிருந்து பதினொரு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். முதல் ரயிலில் வந்த ஹரிபதோ மஹதோ முன்னால் நின்றார். யாரும் கோஷம் போடவில்லை. சன்யாலும் மூன்று தலைவர்களும் படியில் நின்று, விண்ணப்பமாக எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹரிபதோ சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தார். "இங்கிலீஷ்ல இருக்கு. எங்களுக்குப் புரியற மாதிரி யாராவது படிச்சுச் சொல்லுங்க, பாபு."

ஷிக்தார் கர் பக்கம் பார்த்தார். கர் பக்ஷியைப் பார்த்தார். பக்ஷி தரையைப் பார்த்தார்.

ஸ்னேகா வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பெயரைப் படித்துவிட்டு, அது என்ன, எங்கே வாழும், எதைத் தின்னும், மனித உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று எளிய வங்காளத்தில் சொன்னாள். இது செடி மாதிரி வெயிலில் உணவு செய்யும், தீங்கில்லை. இது அழுகலைத் தின்னும். இது கழிப்பறைத் தண்ணீர் கலந்த இடத்தில் மட்டும் இருக்கும். விலங்கு, தாவரம், நுண்ணுயிர் மூன்றும் ஒரே வகுப்பில் வந்தன. அரை மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் அசையவில்லை. 'உயிரியல் அறிமுகம்' அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்றுதான் நடந்தது.

"இதுல என் பொண்ணு வயித்துல இருந்தது எது?" என்று கேட்டார் ஹரிபதோ.

ஸ்னேகா விரலை வைத்துக் காட்டினாள். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது பக்கத்துல யார் கையெழுத்து?"

"என்னுடையது," என்றார் பக்ஷி. வேறு யாருடையது என்று சொல்லவும் முடியாது, சீல் இருந்தது.

ஹரிபதோ மறு பையிலிருந்து ஜூமாவின் படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, நீட்டினார். பக்ஷி சன்யாலைப் பார்த்தார். சன்யால் கேட்டுக்கு வெளியே நின்ற கார்ப்பரேஷன் லாரியைப் பார்த்தார். பேனா இல்லை என்றார் பக்ஷி. அவர் சட்டைப் பையில் தங்க மூடி போட்ட பேனா எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஹரிபதோ கையை நீட்டி அதை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் விரல்களுக்குள் வைத்தார்.

கையெழுத்து ஆயிற்று. பேனாவைத் திரும்பப் பையில் வைக்கப் போன பக்ஷியின் மணிக்கட்டை ஹரிபதோ மெல்லப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.